விசையைக் காணும் கண்

“விசை என்றால் என்ன?” என்று ஏழாம் அல்லது எட்டாம் வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவனைக் கேட்டுப் பாருங்கள். “ஒரு பொருளின் ஓய்வு நிலையையோ இயக்க நிலையையோ மாற்றுகின்ற, அல்லது மாற்ற முயல்கின்ற புறச்செயல் விசை எனப்படும்” என்று மூச்சு விடாமல் ஒப்புவிப்பான். பிழையில்லாத விடைதான், தேர்வில் முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். “நல்லது தம்பி! இப்போது இந்தத் தெருவில் எந்தெந்த விசைகள் செயற்படுகின்றன? காட்டு, பார்க்கலாம்” என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் விழிப்பார்கள். வாய்க்கு வந்த வரையறை கண்ணுக்கு வரவில்லை என்பதே இதன் பொருள்.

வடசென்னையில் வளரும் பிள்ளைகள் இவ்வாறு விழிக்க வேண்டிய தேவையே இல்லை. இராயபுரத்துச் சிறுவனுக்கு விசை என்பது பாடநூல் வழியாக வந்த புதுச்சொல் அன்று. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகளை அவன் நடை பழகிய நாள் முதலாய்ப் பார்த்து வருகிறான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சரக்குப் பெட்டகம் ஏற்றிய லாரிகள் அணிவகுத்து நிற்பதைக் காண்கிறான். எண்ணூர் முகத்துவாரத்தில் கழியூன்றிப் படகு தள்ளுவோரைக் காண்கிறான். பெரிய ஆய்வுக்கூடங்களிலும் கிடைக்காத கருவிகள் அவன் வீட்டு வாசலிலேயே இயங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்க்கும் முறையை ஒருவர் சொல்லிக் கொடுக்க வேண்டும், அவ்வளவே குறை.

அந்த ஒருவர் பள்ளி ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தாயாக இருக்கலாம், துறைமுகத்தில் உழைக்கும் தந்தையாக இருக்கலாம், வலை பின்னும் பாட்டனாராகவும் இருக்கலாம். எனவே, இளம் மாணாக்கருக்கு அன்றாட விசைகளை எவ்வாறு அறிமுகம் செய்வது என்பதை இவ்விதழில் பெற்றோரை முன்னிட்டே எழுதுகிறோம்.

மூன்று கேள்விகள்

விசை என்பது தள்ளுதல் அல்லது இழுத்தல். கதவைத் திறக்கிறோம், அது தள்ளுதல். கிணற்றில் நீர் இறைக்கிறோம், அது இழுத்தல். தொடாமலே இழுக்கும் விசைகளும் உண்டு. கைதவறிய குவளையைப் பூமி இழுக்கிறது; குண்டூசியைக் காந்தம் இழுக்கிறது. எந்த விசையையும் நாம் நேரில் காண்பதில்லை. அது செய்யும் வேலையையே காண்கிறோம். நின்றது நகரும், நகர்ந்தது நிற்கும், திசை மாறும், வடிவம் மாறும். இந்நான்கில் ஒன்று நிகழ்ந்தால் அங்கே விசை ஒன்று வேலை செய்திருக்கிறது என்று துணியலாம்.

ஆகவே, பிள்ளையிடம் வரையறையைக் கேட்பதை விட்டு மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். இப்பொருளை எது தள்ளுகிறது அல்லது இழுக்கிறது? எந்தத் திசையில்? அதை எதிர்ப்பது எது? இம்மூன்றுக்கும் விடை தேடும் பிள்ளைக்கு விசையியலின் வாயில் திறந்துவிட்டது என்று கொள்ளலாம்.

அளவும் எளிதே. விசையின் அலகுக்கு ஆங்கில நாட்டு அறிஞர் ஐசக் நியூட்டனின் பெயரை இட்டிருக்கிறார்கள். 1687-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில்தான் இயக்க விதிகள் மூன்றும் முறையாக வகுக்கப்பட்டன. 100 கிராம் பொருளை உள்ளங்கையில் வைத்தால் அது கையை ஏறக்குறைய 1 நியூட்டன் விசையோடு அழுத்துகிறது. அரை லிட்டர் பால் பாக்கெட் ஏறக்குறைய 5 நியூட்டன். 15 லிட்டர் நீர் நிறைந்த குடம் ஏறக்குறைய 150 நியூட்டன். தண்ணீர் லாரியிலிருந்து குடம் சுமந்து மாடியேறும் தாய், ஒவ்வொரு படியிலும் அந்த 150 நியூட்டனை எதிர்த்தே ஏறுகிறாள். இதை எண்ணாகச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை ஒரு குடத்தையாவது வாங்கிக்கொள்ளும் என்பதும் கூடுதல் நன்மை.

கேரம் பலகை சொல்லும் பாடம்

பிள்ளைகள் மனத்தில் ஆழப் பதிந்த தவறான எண்ணம் ஒன்று உண்டு. ‘ஒரு பொருள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமானால் அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், தள்ளுவதை நிறுத்தினால் அது தானே நின்றுவிடும்’ என்பதே அது. இதற்காகப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வேண்டாம். கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டிலும் ஏறக்குறைய இவ்வாறே எண்ணினார். அவருக்குப் பின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தே, இத்தாலி நாட்டுக் கலிலேயோ இவ்வெண்ணத்தைத் திருத்தினார்.

இதைத் திருத்த வடசென்னையில் சிறந்த கருவி ஒன்று இருக்கிறது. அதுவே கேரம் பலகை. 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்ற மரிய இருதயம் சென்னையைச் சேர்ந்தவர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற காசிமா, வண்ணாரப்பேட்டைப் பகுதியில் வளர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள். எனவே, இப்பலகை இல்லாத மன்றத்தை நம் பகுதியில் காண்பது அரிது.

பலகையில் மாவு தூவாமல் காயைச் சுண்டச் சொல்லுங்கள். காய் சிறிது தூரம் சென்று நின்றுவிடும். மாவு தூவி, அதே வலிவோடு சுண்டச் சொல்லுங்கள். காய் எதிர்க்கட்டையில் மோதித் திரும்பி வரும். சுண்டிய விரல் இரண்டு முறையும் ஒன்றுதான். விரலை விட்டு நீங்கிய பின் காயை யாரும் தள்ளவும் இல்லை. பின் ஏன் இந்த வேறுபாடு? முதல்முறை பலகையின் சொரசொரப்பு காயைப் பின்னுக்கு இழுத்தது. அதுவே உராய்வு. மாவு உராய்வைக் குறைத்தது. காய் நெடுந்தூரம் ஓடியது. ‘உராய்வே இல்லாத பலகை இருந்தால்?’ என்று கேளுங்கள். கட்டை தடுக்கும் வரை ஓடிக்கொண்டே இருக்கும் என்று பிள்ளை தானே சொல்லிவிடும். ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும். நிற்பது நின்றுகொண்டே இருக்கும். மாற்றுவதற்கே விசை வேண்டும். நியூட்டனின் முதல் விதி இதுதான். இவ்வியல்புக்கு ‘நிலைமம்’ என்று பெயர்.

நிலைமமும் நெடுஞ்சாலையும்

இந்த நிலைமத்தை நம் பகுதிப் பிள்ளைகள் அறிந்தே ஆகவேண்டும். மதிப்பெண்ணுக்காக மட்டும் அன்று, உயிருக்காகவும்தான்.

துறைமுகத்தை நோக்கி விரையும் சரக்குப் பெட்டக லாரியையும், திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவான புல்லட் மோட்டார் சைக்கிளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓட்டுநரோடு சேர்த்து மோட்டார் சைக்கிளின் எடை 250 கிலோ என்று கொள்வோம். சுமையோடு கூடிய லாரியின் எடை 40 டன் என்று கொள்வோம். அதாவது 160 மடங்கு. இரண்டும் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருகின்றன. 20 மீட்டருக்குள் நிற்பதற்கு மோட்டார் சைக்கிளுக்கு வேண்டிய தடுப்பு விசை ஏறக்குறைய 625 நியூட்டன். அது ஓர் ஆளின் எடைக்குச் சமம். அதே 20 மீட்டருக்குள் லாரி நிற்க 1,00,000 நியூட்டன் வேண்டும். அது பத்து டன் எடைக்குச் சமம். இத்தனை விசையையும் பிரேக்கும், சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வுமே தரவேண்டும். டயர் தேய்ந்திருந்தாலோ, மழைநீரும் எண்ணெயும் சாலையில் படிந்திருந்தாலோ அந்த உராய்வு குறைந்துவிடும். அப்போது 20 மீட்டர் போதாது.

இதனினும் முக்கியமான கணக்கு வேகத்தைப் பற்றியது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்கே ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். 36 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடியில் வண்டி 10 மீட்டர் வந்துவிடும். பின்னர் நிற்க 20 மீட்டர். மொத்தம் 30 மீட்டர். வேகம் இரண்டு மடங்காகி 72 கிலோமீட்டர் ஆனால், அதே தடுப்பு விசையில் முதல் நொடியில் 20 மீட்டர். நிற்பதற்கான தூரமோ இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு, அதாவது 80 மீட்டர். மொத்தம் 100 மீட்டர். ‘லாரி தொலைவில்தானே வருகிறது’ என்று சாலையின் குறுக்கே ஓடும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டாமா? ‘பார்த்துப் போ’ என்று நாள்தோறும் சொல்கிறோம். ஒரு நாளாவது தாளும் பென்சிலுமாக அமர்ந்து இக்கணக்கைப் போட்டுக் காட்டுவோம். காரணம் அறிந்து கொண்ட எச்சரிக்கை மறப்பதில்லை.

வீட்டில் இதற்கொரு சோதனை உண்டு. எவர்சில்வர் குவளையின் வாயில் வழவழப்பான அட்டை ஒன்றை வையுங்கள். அதன்மேல் ஐந்து ரூபாய் நாணயத்தை வையுங்கள். அட்டையை விரலால் சட்டென்று சுண்டினால், அட்டை பறந்துவிடும். நாணயம் குவளைக்குள் விழும். மெல்ல இழுத்தாலோ அட்டையோடு நாணயமும் வரும். பேருந்து சட்டென்று நிற்கும்போது நம் உடல் முன்னே சாய்வதும் இதே நிலைமத்தால்தான். நம்மை எவரும் முன்னே தள்ளவில்லை. பேருந்து நின்றுவிட்டது, உடல் தன் ஓட்டத்தைத் தொடர்ந்தது. இரு சக்கர வண்டியில் பின்னால் அமரும் பிள்ளைக்கும் தலைக்கவசம் வேண்டும் என்பதன் காரணம் இங்கே விளங்கும்.

கயிற்றின் மூன்று சுற்று

உராய்வு என்பது பகை மட்டும் அன்று. உராய்வு இல்லையேல் நடக்க முடியாது, எழுத முடியாது, முடிச்சுப் போட முடியாது. இதைத் துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் நன்கு அறிவர். கப்பலையோ படகையோ துறையில் கட்டும்போது, கயிற்றைக் கரையிலுள்ள குட்டைத் தூணில் இரண்டு மூன்று முறை சுற்றிய பின்பே பிடிக்கிறார்கள். எதற்காக?

கயிறு தூணைச் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் உராய்வு பெருகுகிறது. அதுவும் கூட்டலாக அன்று, பெருக்கலாக. வழவழப்பான தூணில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5 மடங்கு என்று கொண்டால், இரண்டு சுற்றுக்கு 25 மடங்கு. மூன்று சுற்றுக்கு 100 மடங்குக்கும் மேல்! ஒரு முனையை ஒருவர் 100 நியூட்டன் விசையோடு பிடித்திருந்தால், மறுமுனையில் 10,000 நியூட்டன் இழுப்பையும் தாங்கலாம். தனி மனிதர் ஒருவர் பெரும் படகை அடக்கி நிறுத்தும் வித்தை இதுவே.

இதைச் சோதிக்க ஒரு வாளியில் பாதியளவு நீரும், சிறு கயிறும், சன்னல் கம்பியும் போதும். கயிற்றைக் கம்பியின் மேல் வெறுமனே போட்டு வாளியைப் பிடிக்கச் சொல்லுங்கள், கை வலிக்கும். பிறகு ஒரு சுற்று. பிறகு இரண்டு சுற்று. இரண்டாம் சுற்றுக்குப் பின் இரண்டு விரலே போதும் என்று பிள்ளை வியந்து கூவும். வியப்புக்குப் பின் சொல்லும் விளக்கம்தான் மனத்தில் நிற்கும்.

அசையாத கப்பலிலும் விசை உண்டு

‘அசையாமல் நிற்கும் பொருளின்மேல் விசையே இல்லை’ என்பது பிள்ளைகளின் மற்றொரு தவறான எண்ணம். துறைமுகத்தில் அமைதியாக நிற்கும் கப்பலைக் காட்டுங்கள். 50,000 டன் எடையை பூமி கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஆயினும் கப்பல் ஏன் மூழ்கவில்லை? நீர் அதை அதே அளவு விசையோடு மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் சமம், ஆகவே அமைதி. விசை இல்லாமையால் வந்த ஓய்வு அன்று. விசைகள் ஒன்றையொன்று சமன் செய்ததால் வந்த ஓய்வு.

அந்த மிதப்பு விசையின் அளவை ஆர்க்கிமிடிஸ் கண்டு சொல்லி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஒரு பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அந்த நீரின் எடையே அதை மேலே தள்ளும் விசை. களிமண் உருண்டை ஒன்றை நீரில் இடுங்கள், மூழ்கும். அதே களிமண்ணை அகல்விளக்குப் போலக் குழித்து மெல்ல இடுங்கள்; மிதக்கும். எடை மாறவில்லை; விலக்கும் நீரின் அளவு மாறிவிட்டது. இரும்பாணி மூழ்க, இரும்புக் கப்பல் மிதப்பது இவ்வாறே.

கடல்நீர் நன்னீரைவிடக் கனமானது. 1,000 லிட்டர் நன்னீர் 1,000 கிலோ எடை கொண்டது. அதே அளவு கடல்நீர் ஏறக்குறைய 1,025 கிலோ. ஆகவே, கடலில் கப்பல் சற்று உயர்ந்து மிதக்கும். ஆற்றில் சற்றுத் தாழ்ந்து மிதக்கும். சென்னையில் சரக்கேற்றிக் கொல்கத்தா செல்லும் கப்பல், ஊக்ளி ஆற்றுக்குள் நுழைந்ததும் சிறிது அமிழ்ந்துவிடும். இதனால்தான் கப்பலின் பக்கவாட்டில் சுமைக் கோடுகள் வரையப்பட்டுள்ளன. நன்னீருக்கு ஒரு கோடு, வெப்பக் கடலுக்கு ஒரு கோடு, குளிர்காலக் கடலுக்கு ஒரு கோடு. அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய கப்பல்களால் மாலுமிகள் மாண்டதைக் கண்டு மனம் வெதும்பி, ஆங்கில நாட்டுப் பாராளுமன்றத்தில் சாமுவேல் பிளிம்சால் என்பவர் போராடினார். 1876-இல் அங்கே சுமைக் கோடு சட்டமாயிற்று. ஆர்க்கிமிடிஸின் விதி ஏழை மாலுமியின் உயிருக்குக் காவலாயிற்று.

இதை வீட்டில் காட்ட ஒரு முட்டை போதும். குவளை நீரில் முட்டை மூழ்கும். கைப்பிடி உப்பைப் போட்டு நன்கு கரையுங்கள். இன்னும் சிறிது சேருங்கள். முட்டை மெல்ல எழுந்து மிதக்கும்.

துடுப்பும் எதிர்விசையும்

மூன்றாவது விதியை எல்லாப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள்: ‘ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு.’ கூர்மையான பிள்ளை ஒன்று கேட்கும்: “இரண்டும் சமமானால் ஒன்றையொன்று அழித்துவிடாவா? பின் எப்படிப் படகு நகர்கிறது?” இக்கேள்வியைக் கேட்கும் பிள்ளையை முத்தமிட்டுப் பாராட்ட வேண்டும்!

விடை துடுப்பில் இருக்கிறது. துடுப்பு நீரைப் பின்னுக்குத் தள்ளுகிறது; இவ்விசை செயற்படுவது நீரின்மேல். நீர் துடுப்பை முன்னுக்குத் தள்ளுகிறது; இவ்விசை செயற்படுவது படகின்மேல். இரு விசைகளும் இரு வெவ்வேறு பொருள்களின்மேல் செயற்படுவதால் அவை ஒன்றையொன்று அழிப்பதில்லை. கப்பலைத் தாங்கும் நீரின் கதை வேறு. அங்கே எடையும் மிதப்பு விசையும் ஒரே கப்பலின்மேல் செயற்பட்டதால் சமன் ஆயின. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்ட மாணவன் மேல்வகுப்பில் தடுமாற மாட்டான்.

கடலும் மணலும் கற்பித்த பெரும்பாடம்

இதுவரை சிறு சோதனைகளைக் கண்டோம். இனி, நம் கரையில் நூற்றைம்பது ஆண்டுகளாக நடந்துவரும் பெரும் சோதனை ஒன்றைக் காண்போம். அதன் விளைவை நம் குடும்பங்களே அனுபவித்து வருகின்றன.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. முற்காலத்தில் கப்பல்கள் ஆழ்ந்த நீரில் நங்கூரமிட்டு நின்றன. மனிதரையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அப்படகின் பலகைகளில் ஆணி அறைவதில்லை, தென்னங்கயிற்றால் தைப்பார்கள். கரையில் அலை வந்து மோதும்போது விறைத்து நிற்கும் பலகை பிளந்துவிடும். தைத்த பலகையோ சற்று வளைந்து கொடுத்து மோதலின் வேகத்தைத் தணிக்கும். இயற்பியல் நூல் எதையும் படியாத படகோட்டிகள் கண்ட நுட்பம் இது! தங்கள் பாதுகாவலரான புனித இராயப்பரின் பெயரால் ஆலயம் எழுப்பி, இராயபுரம் என்னும் பெயர் நிலைக்கக் காரணமாயிருந்தவர்களும் இத்தகைய படகோட்டிகளே.

1875-இல் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கடலுக்குள் நீளும் கற்சுவர்கள் எழுந்தன. 1881 நவம்பரில் வீசிய புயல் அச்சுவர்களில் பெரும்பகுதியைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளரின் மேற்பார்வையில், கிழக்கு நோக்கி இருந்த நுழைவாயில் வடகிழக்குப் பக்கம் மாற்றப்பட்டது. அலையையும் மணலையும் எதிர்த்து நடந்த நெடும் போராட்டம் அது.

மணலை எதிர்க்க வேண்டிய தேவை ஏன் வந்தது? ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து கரையைத் தாக்குகின்றன. வரும் அலை மணலைச் சாய்வாக மேலே தள்ளுகிறது. திரும்பும் நீர் அதை நேராகக் கீழே இழுக்கிறது. அடுத்த அலை மீண்டும் சாய்வாகத் தள்ளுகிறது. இவ்வாறு ஒவ்வொரு மணலும் வளைந்து வளைந்து வடக்கு நோக்கிப் பயணம் செய்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் திசை மாறும். ஆயினும் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கு நோக்கிச் செல்வதே மிகுதி. நம் மீனவர் இந்நீரோட்டங்களுக்குப் பெயரே சூட்டியிருக்கிறார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது ‘தெண்டி’. வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது ‘வன்னி’.

இப்பயணத்தின் குறுக்கே துறைமுகச் சுவர் நின்றது. வடக்கே செல்ல வேண்டிய மணல் தெற்கே தங்கியது. ஒரு காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையின் அருகே வரை இருந்த கடல் பின்வாங்கியது. மெரினா கடற்கரை அகன்றது. ஆனால், துறைமுகத்திற்கு வடக்கே என்ன நடந்தது? அலையின் விசை குறையவில்லை. அது அங்கிருந்த மணலை வழக்கம்போல் வடக்கே எடுத்துச் சென்றது. ஈடு செய்யத் தெற்கிலிருந்து வரவேண்டிய மணலோ வரவில்லை. வரவு நின்று செலவு மட்டும் தொடர்ந்தால் குடும்பம் என்ன ஆகும்? இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரைக்கு அதுவே ஆயிற்று. படகேற்றி வலை உலர்த்திய மணல்வெளிகள் மறைந்தன. மீனவர் குடியிருப்புகளில் வீடுகளும் தெருக்களும் கடலுக்கு இரையாயின. கரையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்ட வேண்டியதாயிற்று. பின்னர், ‘தூண்டில் வளைவு’ எனப்படும் குறுக்குச் சுவர்களும் கடலுக்குள் கட்டப்பட்டன.

நகரத்தின் ஒரு பக்கத்து மக்கள் உலாவ அகன்ற மணற்பரப்பும், மறுபக்கத்து மக்களுக்கு வீட்டிழப்பும் ஒரே சுவரால் விளைந்தன. துறைமுகம் தந்த வேலையும் வாழ்வும் பொய்யல்ல. ஆயினும், ஒரு விசையின் பாதையை ஓரிடத்தில் மறித்தால், அதன் விளைவு வேறோர் இடத்தில் வெளிப்படும் என்பதை முன்கூட்டிக் கணக்கிடாமல் விட்டால் அந்தக் கணக்கை எளியவர் தீர்க்க நேரிடுகிறது. தூண்டில் வளைவுகளும் இதற்கு விலக்கல்ல. பொதுவாக அவற்றின் தென்புறம் மணல் சேரும், வடபுறம் அரிக்கும். பெரியவர் ஒருவர் துணையோடு, கற்களின்மேல் ஏறாமல், சாலையில் நின்றே பிள்ளைகள் இதைக் கவனிக்கலாம். மாதம் ஒரு முறை மணலின் அகலத்தைக் குறித்து வரும் மாணவர் குழு ஒன்று நம் பள்ளிகளில் அமைந்தால், அது எத்துணைப் பயனுள்ள ஆய்வாக இருக்கும்!

வீட்டிலும் செய்யலாம். அகன்ற தாம்பாளத்தின் ஒரு பக்கம் ஈர மணலைக் கரைபோல அமைத்து, மறுபக்கம் நீர் ஊற்றுங்கள். அடிக்கோலால் நீரைச் சாய்வாக மெல்ல அசையுங்கள். கரையின் நடுவே ஒரு செங்கல் துண்டை நீருக்குள் நீட்டி வையுங்கள். சில நிமிடங்களில் ஒரு பக்கம் மணல் சேருவதையும், மறுபக்கம் குறைவதையும் பிள்ளை காணும்.

கையறிவும் நூலறிவும்

அன்புப் பெற்றோரே! உங்களில் பலர் ‘எனக்குப் படிப்பில்லை, பிள்ளைக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்க நான் யார்?’ என்று ஒதுங்கி நிற்கிறீர்கள். தூணில் கயிறு சுற்றத் தெரிந்தவருக்கு உராய்வு தெரியும். வலையின் மேற்கயிற்றில் மிதவையும் கீழ்க்கயிற்றில் ஈயக் குண்டும் கட்டத் தெரிந்தவருக்கு மிதப்பு விசை தெரியும். கனத்த பீப்பாயைச் சாய்வுப் பலகையில் உருட்டி லாரியில் ஏற்றுபவருக்கு, விசையைக் குறைத்துத் தூரத்தைக் கூட்டும் கணக்குத் தெரியும். பெயர்கள் மட்டுமே தெரியாது. அவற்றைப் பிள்ளை சொல்லட்டும்.

இதில் அறிவியலைவிடப் பெரிய நன்மை ஒன்றும் அடங்கியிருக்கிறது. படிக்கும் பிள்ளை, படியாத பெற்றோரின் தொழிலைத் தாழ்வாக எண்ணும் குறை இன்று பல இல்லங்களில் காணப்படுகிறது. ஆங்கிலச் சொற்கள் பெருகப் பெருக, வீட்டுப் பெரியவர்களோடு பேச்சுக் குறைகிறது. ‘அப்பா, பலகையைச் சாய்த்து வைத்தால் ஏன் பாரம் குறைகிறது?’ என்று மகனோ மகளோ ஒரு மாலை கேட்கட்டும். தந்தை தன் கையறிவைச் சொல்வார். பிள்ளை நூலறிவைச் சொல்லும். இருவரும் ஒரே உண்மையின் இரு பக்கங்களைப் பேசுகிறோம் என்று அப்போது உணர்வார்கள். ஒருவரையொருவர் மதிக்கக் கற்பார்கள். மகளிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். பொறியியல் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் எழுதி வைத்த துறை அன்று.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். விசைப் பாடத்தைத் தொடங்கும் நாளில் கரும்பலகையில் வரையறையை முதலில் எழுத வேண்டாம். ‘உங்கள் வீட்டில் யார் என்ன தொழில் செய்கிறார்கள்? அத்தொழிலில் எதைத் தள்ளுகிறார்கள், எதை இழுக்கிறார்கள்?’ என்று கேளுங்கள். மீனவர், சுமைப்பணியாளர், லாரி ஓட்டுநர், பற்றவைப்பாளர், வீட்டு வேலை செய்யும் தாய் என்று ஒவ்வோர் இல்லமும் வகுப்பறைக்குள் வரும். வரையறை இறுதியில் வரட்டும். அப்போது அது பிள்ளையின் சொந்தச் சொல்லாக இருக்கும்.

இவ்வாரம் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குவோம். முட்டையும் உப்பும், குவளையும் நாணயமும், வாளியும் கயிறும் நம் இல்லங்களில் இல்லாதவை அல்ல. எது தள்ளுகிறது, எந்தத் திசையில், எதிர்ப்பது எது என்று கேட்டுப் பழகிய பிள்ளை, நாளை இந்தக் கடற்கரையில் எவரேனும் புதியதொரு சுவர் எழுப்ப வரும்போது, ‘இதற்கு வடக்கே என்ன ஆகும்?’ என்று கேட்கும் குடிமகனாகவும் குடிமகளாகவும் வளரும்.